மூடியைத் திறந்தது யார்?

போன வாரம் அட்டைப்பெட்டியின் கயிற்றை அறுத்ததோடு நிறுத்தியிருந்தோம். உள்ளே டெலிவிஷன்தான் என்று அடித்துச் சொன்னவர்கள் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுக்காரர்கள் இலங்கை டிவி பார்க்கலாமென்று ஏரியலுக்கு மூங்கில்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். அவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் உங்கள் ஏமாற்றம் பெரிதாகத் தெரியாது.

உள்ளே இருந்தது ஒரு சட்டி.

ஷார்ஜாவில் ஏழு வருஷம் இருந்துவிட்டு லீவில் வந்த சேக் அலாவுதீன், வழியெல்லாம் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தது அதைத்தான். வெளியே ஆரஞ்சுப் பூப்போட்ட தகரம். உள்ளே கனமான பழுப்புப் பீங்கான். மேலே கண்ணாடி மூடி, பின்னால் வால் மாதிரி ஒரு ஒயர். விறகு வேண்டாம், கிளற வேண்டாம். காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனால், திரும்பி வரும்போது கறி எலும்பை விட்டுக் கழன்று நிற்குமாம்.

அதற்குக் கரண்டுச் சட்டி என்று பேர் வைத்தது ரோஷன் பேகம். அலாவுதீனின் மனைவி கமர் நிஷாவுக்கு அக்கா. அந்த வீட்டில் எதற்கும் பேர் வைப்பது அவள்தான்.

அந்தச் சட்டியின் தட்டை முள் பிளக் நம் ஊர் ஓட்டைக்குள் நுழையவில்லை. தலத்தெரு எலக்ட்ரீஷியன் குஞ்சிதபாதம் வந்து வேறு பிளக் மாட்டிக்கொடுத்தார். "நம்ம ஊரு கரண்டுக்கு இது கோவிச்சுக்காம இருந்தா சரிங்க" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அது வியாழக்கிழமை. எண்பத்து மூன்றாம் வருஷம், பள்ளிக்கூடங்களுக்கு முழுப் பரீட்சை லீவு விட்டிருந்த சமயம்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இவர்கள் வீடுகளில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அக்கா ரோஷன் பேகத்தை அண்ணன் முகம்மது இப்ராஹிமும், தங்கை கமர் நிஷாவைத் தம்பி அலாவுதீனும் கட்டியதால், அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டுக்கு மாப்பிள்ளைகள். முன்கட்டில் அண்ணன், பின்கட்டில் தம்பி, நடுவில் ஒரு கதவு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பிள்ளை, கமர் நிஷாவின் மகள் சஃபியா. ஒன்பது வயசு.

அந்த வீட்டில் பயணத் தேதி குறிக்க ஒரு முறை இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் பெரிய சஹன் தட்டில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, வீட்டு ஆண்கள் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். சாப்பிடும்போதே பெரியவர் தேதியைச் சொல்வார். சஹனில் கை நனைத்துப் பேசிய பேச்சை அப்புறம் யாரும் மாற்றுவதில்லை. அந்தச் சகோதரிகளின் வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

இந்த வெள்ளிக்கிழமை சஹனை இரண்டு பேர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி திரும்பிப் போகும் தேதியைச் சொல்லிவிட வேண்டும் என்று இப்ராஹிம். இனிமேல் போகப்போவதில்லை என்று அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அலாவுதீன்.

*

விடியற்காலைத் தொழுகையான பஜ்ரு தொழுதுவிட்டு வந்த அலாவுதீன் அடுப்பங்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் அரிந்தார். கமர் நிஷா பக்கத்தில் நின்று பார்த்தாள். ஆண் பிள்ளை வெங்காயம் அரிவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது. எவ்வளவு பழக்கம் இருந்தால் கை இவ்வளவு வேகமாக ஓடும்.

"தாளிக்க வேணாமா?"

"வேணாம்."

"எண்ணெய்?"

"கறியில இருக்கிற கொழுப்பே போதும்."

"அப்ப நான் எதுக்கு இந்த அடுப்பங்கரையில?"

"உக்காந்து என்கூட பேசிக்கிட்டு இரு. அதுக்குத்தானே இதை வாங்கிட்டு வந்தேன்."

கமர் நிஷாவுக்குப் பழசு நினைவு வந்தது. கல்யாணமான முதல் வருஷம் இவர் கடைத்தெருவில் வேலையாக இருந்தார். மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க வந்து, "நீயும் உக்காரு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் தட்டிலேயே சாப்பிட வைப்பார். கருக்களாச்சேரியிலிருந்து வரும் மீன்காரி ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து மீனை ஒன்றுக்கு இரண்டாகப் போட ஆரம்பித்தாள். அந்த நினைவு வந்ததும் கமர் நிஷா உட்கார்ந்துவிட்டாள். ஈரத்தரை என்றுகூடப் பார்க்கவில்லை.

எலும்புக்கறி, உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகு. கடைசியாக அலாவுதீன் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காய்ந்த கறுப்பு எலுமிச்சை இரண்டைப் போட்டார்.

"இது என்னங்க, ஆட்டுப் புழுக்கை மாதிரி?"

"அந்த ஊரு எலுமிச்சை. வெந்ததும் பாரு."

மூடியை வைத்துத் திருகைத் திருப்பினார். சட்டி ஒரு சத்தமும் போடவில்லை. கமர் நிஷாவுக்கு அதுவே நம்பிக்கை தரவில்லை. கொதிக்கிற சத்தம் கேட்காத சமையல் என்ன சமையல்?

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன்," என்றார் அலாவுதீன். "மூடியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. ஒரு தடவை திறந்தா உள்ள இருக்கிற சூடு அத்தனையும் போயிடும். வேகுறது அரை மணி நேரம் பின்னாடி போயிடும்."

கதவோரம் சஃபியா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது. அந்த வீட்டில் பூனைகூட அவளைவிடச் சத்தமாக நடக்கும்.

"உம்மா," என்றாள், அவள் உம்மாவை மட்டும் பார்த்து. "அவங்களுக்கு டீ வேணுமான்னு கேளு."

அலாவுதீன் வந்து பத்து நாளாகிறது. இன்னும் 'அவங்க'தான். இரண்டு மாச லீவில் வந்து வந்து போகிற மனிதரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று பிள்ளை முடிவு செய்வதற்குள் லீவு முடிந்துவிடும். அடுத்த லீவு வருவதற்குள் அவள் ஒரு ஜாண் வளர்ந்திருப்பாள், அவர் வாங்கிவந்த கவுன் சின்னதாகிப் போயிருக்கும்.

"வேணும்னு சொல்லு," என்றார் அலாவுதீன், அவரும் கமர் நிஷாவைப் பார்த்தே.

பிள்ளை போன பிறகு கமர் நிஷா கேட்டாள்.

"நிஜமாவே இன்னிக்குச் சொல்லிடுவீங்களா?"

"சொல்லிடுறேன்."

"உங்க நானா முன்னாடி உங்களுக்கு வாய் வராதே." அண்ணனை அந்த வீட்டில் நானா என்றுதான் சொல்வார்கள்.

"வயிறு ரொம்பினா வரும்," என்றார் அலாவுதீன். "அவருக்கும் வயிறு ரொம்பினா கோபம் வராது."

*

பத்து மணி வாக்கில் ரோஷன் பேகம் நடுக்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சஃபியாவுக்குத் தலைவாரி விடுவது அவள் வேலை. பெரியம்மாவின் கை வேகம் என்றால் வேகம். தலையை இழுத்துப் பின்னுவதில் கண் இரண்டும் நெற்றிக்குப் போய்விடும்.

"ஒங்க வாப்பாக்கிட்ட என்ன வேணும்னு இப்பவே சொல்லி வெச்சுக்க," என்றாள். "அடுத்த தடவை வர்றப்ப வாங்கிட்டு வருவாங்க."

"அடுத்த தடவைன்னா?"

"இன்னிக்கு கறி வெந்து சஹன் வெச்சதும் பெரிய வாப்பா தேதியைச் சொல்லிடுவாங்க. அடுத்த மாசக் கடைசியில பயணம் இருக்கும்."

சஃபியா தலையைத் திருப்பப் பார்த்தாள்.

"கறி வேகலேன்னா சஹன் வெப்பாங்களா பெரியம்மா?"

"வேகாத கறியை யாரு திம்பா? அசையாம இரு."

பின்னி முடித்துவிட்டு ரோஷன் பேகம் அடுப்பங்கரைப் பக்கம் போனாள். ஒரு சட்டியைத் தாண்டிப் போகும்போது மூடியைத் தூக்கிப் பார்க்காமல் அவளால் போக முடியாது. அவள் உம்மாவும் அப்படித்தான். அந்த வீட்டுப் பெண்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. கண்ணாடி மூடி முழுக்க வேர்த்திருந்தது. தூக்கினாள், பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"தேங்காப்பால் இல்லாம இது என்ன ஆணம்," என்று குழம்பைப் பார்த்துத் தனக்குள் சொல்லிக்கொண்டு மூடினாள்.

*

அலாவுதீன் ஜும்ஆவுக்குக் குளிக்கப் போன நேரம் கமர் நிஷா தனியாக அந்தச் சட்டிக்கு முன்னால் நின்றாள். நெய்ச்சோறு தயார். சஹன் தட்டைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாயிற்று. அவள் உம்மா காலத்துத் தட்டு, செம்பில் ஈயம் பூசியது. விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும். சின்ன வயசில் அக்காவும் அவளும் பெருநாளன்று அதில் ஒன்றாகச் சாப்பிட்டு, கறித்துண்டுக்குச் சண்டை போட்டுக் கீழே தள்ளியதில் வந்த நசுங்கல். அதைத் தடவும்போதெல்லாம் அவளுக்கு அக்கா மேல் இருக்கிற கோபம் கொஞ்சம் இறங்கிவிடும்.

மூடியைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். திறந்தாள்.

புளிப்பும் மிளகும் கலந்த ஒரு புகைமணம் முகத்தில் அடித்தது. அந்தக் கறுப்பு எலுமிச்சைதான். அவள் சமையலில் அப்படி ஒரு வாசனை எப்போதும் வந்ததில்லை. ஏழு வருஷமாக இவர் வேலை விட்டு வந்து கதவைத் திறந்தபோதெல்லாம் இந்த வாசனைதான் இவரை வாங்க என்று கூப்பிட்டிருக்கும். அவள் இங்கே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கறி சமைத்து, கை மறந்து ஒரு ஆள் பங்கு கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே இது இருந்திருக்கிறது.

கமர் நிஷாவுக்குப் பொறாமையாக இருந்தது. யார் மேல்? ஒரு சட்டி மேல். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கு அழுகைதான் வந்தது.

மூடிவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் சஃபியா.

"நீயும் திறந்தியா உம்மா?"

"சும்மா பார்த்தேன்," என்று சொல்லிவிட்டுக் கமர் நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை 'நீயும்' என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதை அப்போதே வேறு பக்கம் போயிருக்கும்.

*

ஜும்ஆ முடிந்து அண்ணனும் தம்பியும் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்துச் சுப்ரா போட்டிருந்தது. சாப்பாட்டுக்கு விரிக்கிற அந்தத் துணியின் ஓரத்தில் முகம்மது இப்ராஹிம் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். சைகோனில் துணிக்கடை வைத்திருந்து, எழுபத்தைந்தில் அங்கே ஆட்சி மாறியதும் ஒரே ஒரு பையோடு ஊர் திரும்பியவர். தம்பிக்குப் பெண் பார்த்தது, விசா வாங்கிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். வாப்பா இல்லாத தம்பிக்கு வாப்பாவாக இருந்தவரிடம் எதிர்த்துப் பேச யாருக்குத்தான் வாய் வரும்?

அலாவுதீன் சட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து கரண்டியை விட்டார்.

உருளைக்கிழங்கு கல்லு மாதிரி கிடந்தது. கறி எலும்பை விட்டு நகர மாட்டேன் என்றது.

"என்னப்பா?" என்றார் இப்ராஹிம்.

"வேகலை நானா."

"காலையிலேர்ந்தா?"

"ஆமா."

"நம்ம ஊருக்கு வர்ற கரண்டே பாதிதான். அதுல பாதிக் கறிதான் வேகும்." இப்ராஹிமுக்குப் பசி. பசியில் அவர் பேசுவது பாதி கிண்டல், பாதி கோபம்.

"குக்கர்ல போட்டு நாலு விசில் விட்டா முடிஞ்சு போச்சு," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து ரோஷன் பேகம்.

"இருங்க மச்சி," என்றார் அலாவுதீன். அண்ணன் மனைவியிடம் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. இன்றும் உயரவில்லை. "யாராவது மூடியைத் திறந்தீங்களா?"

ரோஷன் பேகம் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒரு தடவை. சும்மா பார்த்தேன் தம்பி."

"நானும் ஒரு தடவை," என்றாள் கமர் நிஷா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "நீங்க அங்க என்ன வாசனையில இருந்தீங்கன்னு பார்க்கணும்னு தோணுச்சு."

அலாவுதீன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் எதிரில் மனைவியை அப்படிப் பார்ப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. பார்த்தார்.

"ரெண்டு தடவைன்னா ஒரு மணி நேரம்தான் பின்னாடி போயிருக்கும்," என்றார் பிறகு. "இது காலையில வெச்ச மாதிரியே இருக்கே."

அப்போதுதான் எல்லாரும் சஃபியாவைப் பார்த்தார்கள். அவள் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். பெரியம்மா இறுக்கிப் பின்னிய சடையின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ திறந்தியா சஃபியா?" என்றாள் கமர் நிஷா.

தலையாட்டினாள்.

"எத்தனை தடவை?"

"யாரும் இல்லாதப்பல்லாம்."

"ஏண்டி? திறக்கக் கூடாதுன்னு சொன்னாங்கள்ல?"

பிள்ளை அலாவுதீன் பக்கம் திரும்பவில்லை. உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"அவங்ககிட்ட சொல்லு உம்மா. கறி வேகலேன்னா சஹன் வெக்க மாட்டாங்க. சஹன் வெக்கலேன்னா தேதி சொல்ல மாட்டாங்க. ஒரு தடவை திறந்தா அரை மணி நேரம் பின்னாடி போகும்னு அவங்கதான் சொன்னாங்க. அதான் திறந்தேன்னு சொல்லு."

கமர் நிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை சொன்னதைப் புருஷனுக்குச் சொல்ல அவள் தேவைப்படவில்லை.

அலாவுதீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். வயிறு ரொம்பவில்லை. ஆனாலும் வாய் வந்தது.

"நானா, நான் இனிமே போகலை."

இப்ராஹிம் தம்பியையே பார்த்தார்.

"இங்க என்ன செய்யப் போறே?"

"தெரியலை நானா. ஏதாவது செய்வேன்."

"தெரியலேன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் சம்பாதிக்கப் போற சபரை விடுவானா? ஒரு பையோட வந்து இறங்கினவன்டா நான். கடைத்தெருவுல நாலு பேரு கண்ணைப் பார்த்துப் பேச எனக்கு எத்தனை நாளாச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? அது ஒனக்கு வரக்கூடாதுன்னுதான் தள்ளித் தள்ளி அனுப்புறேன்."

"தெரியும் நானா."

"தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டே." இப்ராஹிம் எழுந்தார். "சஹன்ல கை நனைக்காம பேசுற பேச்சு பேச்சே இல்லை. நான் இதைக் கேக்கலை."

நடுக்கதவு சாத்திக்கொண்டது. அவர் தொப்பிகூட எடுக்காமல் போனார். சுப்ராவின் ஓரத்தில் அது கிடந்தது.

*

குக்கரை எடுக்கப் போன கமர் நிஷாவை அலாவுதீன் தடுத்தார். "அது நேரத்துக்கு வேகட்டும். இனிமே என்ன அவசரம்?"

மூடியை வைத்து, கூடத்திலேயே பிளக்கை மாட்டித் திருகைக் கூட்டினார். சஃபியா சட்டிக்குப் பக்கத்தில் போய்க் காலை மடக்கி உட்கார்ந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டாததே அவளுக்குப் பயமாக இருந்தது.

கொஞ்சம் தள்ளி அலாவுதீனும் உட்கார்ந்தார். அவர் பேச ஆரம்பித்தார். அங்கே ஒரு அறையில் நாலு பேர் இருந்தது, வெள்ளிக்கிழமைகளில் இதே மாதிரி ஒரு சட்டியில் கறி போட்டுவிட்டு எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் படுத்து ஊர்ப் பேச்சுப் பேசியது. விழிதியூர்க்காரர் ஒருத்தர், சுப்பையன், கறி சாப்பிட மாட்டார். அவருக்காக உருளைக்கிழங்கைத் தனிச் சட்டியில் வேகவைத்துக் கொடுத்தது. "நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? எனக்கு ஒரு மக இருக்கா, நடக்கிற சத்தமே கேக்காதுன்னு சொல்லுவேன்" என்றார். உம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராகப் பிள்ளையிடம்.

சஃபியா கேட்டுக்கொண்டே இருந்தாள். சடை நுனி வாயிலிருந்து விழுந்துவிட்டது.

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. வீடு முழுக்க அந்தக் கறுப்பு எலுமிச்சை வாசனை. இப்போது கமர் நிஷாவுக்கு அதன் மேல் கோபம் இல்லை.

முன்கட்டுக்குப் போயிருந்த ரோஷன் பேகம் தனியாகத் திரும்பி வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. பேசாமல் அந்த நசுங்கின சஹனை எடுத்துச் சுப்ராவின் நடுவில் வைத்து, நெய்ச்சோற்றைப் பரப்பினாள். பிறகு புருஷனின் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"லாத்தா," என்று அக்காவைக் கூப்பிட்டாள் கமர் நிஷா. பெண் பிள்ளை அந்த இடத்தில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"அவங்க சைகோன்ல இருந்து வந்து இறங்குறப்ப எனக்குத் தலை நரைச்சுப் போச்சு புள்ள. ஒரு பையோட வந்துட்டோம்னு அவங்க அழுதாங்க. வந்துட்டாங்களேன்னு நான் அழுதேன். அது அவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." ரோஷன் பேகம் அலாவுதீனைப் பார்த்தாள். "இது எங்க உம்மா வீடு. சஹனும் எங்க உம்மாவோடது. கை நனைச்சுட்டுச் சொல்லுங்க தம்பி, நான் கேக்குறேன்."

அலாவுதீன் சட்டிப் பக்கம் திரும்பினார்.

"சஃபியா, மூடியை நீயே திறம்மா."

சஃபியா திறக்கவில்லை. இரண்டு கையையும் மூடிக்கு மேலே வேலி மாதிரி வைத்துக்கொண்டாள்.

"வேணாம் வாப்பா. இன்னும் கொஞ்சம் வேகட்டும்."

சொல்லிவிட்டு, சொன்னது தெரியாமல் அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கமர் நிஷா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அலாவுதீன் தலையைக் குனிந்துகொண்டார். "சரிம்மா" என்றார்.

நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். ரோஷன் பேகத்துக்கு அந்த இருமல் யாருடையது என்று தெரியும். புருஷனின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவர் இடத்தை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.